ஓடும் காரில் அரைக்கும் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கராஜ் வேலை பழக வரும் இளைஞர்கள், காரில் அரைக்கும் சத்தம் கேட்கிறது என்று ஒருவர் வந்து நின்றதும் முதலில் ஜாக்கைத்தான் தேடுகிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகள் இன்றும் அப்படியே நடப்பதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். சில்லு நட்டை இறுக்க மறப்பது போன்றவை ஒருமுறை சொன்னால் திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டிப் பார்க்காமல் ஜாக் வைப்பது

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று கேட்டால், எஞ்சின் சுழற்சியைத் திரும்பும் சில்லுக்குக் கொடுக்கும் மூட்டான சி.வி. ஜொயின்டையும் அதன் றப்பர் உறையையும் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கிளச்சை மிதித்து எஞ்சினைப் பிரித்த பின்னும், வேகத்தோடு கூடிக் குறைந்து அதே உறுமல் தொடர்ந்தால், பிழை பெரும்பாலும் சில்லின் பக்கம் இருக்கிறது.

அங்கும் ரயரா, சில்லைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங்கா என்ற குழப்பம் எழும். வாகன நெரிசல் இல்லாத காலை நேரத்தில் நிலாவெளி வீதியில் அளவான வேகத்தில் ஓட்டி, மெதுவாக வலப்பக்கம் வளைத்துப் பாருங்கள். பாரம் இடப்பக்கச் சில்லுகளில் இறங்குவதால், அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடது பெயரிங்தான் தேய்ந்திருக்கும். தார் மாறும் இடங்களில் சத்தத்தின் தன்மையும் மாறினால் ரயரைச் சந்தேகிக்க வேண்டும். முன் ரயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டதும் சத்தம் பின்னுக்குப் போனால் சந்தேகமே வேண்டாம்.

துருவையும் மணலையும் பழுது என்று எண்ணுவது

மாரி மழையில் இரண்டு இரவு கடற்கரைப் பக்கம் நிறுத்திவைத்த காரின் பிரேக் டிஸ்கில் செந்நிறத் துரு படிந்திருக்கும். சில தடவை பிரேக் பிடித்ததும் அந்தக் கரகரப்பு போய்விடும். டிஸ்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையில் சிறுகல் சிக்கினாலும் காதைக் கிழிக்கும் சத்தம் வரும். சற்றுப் பின்னோக்கி எடுத்தால் பல வேளைகளில் அது விழுந்துவிடும்.

அந்தத் தகட்டைக் கழற்றி வீசுவது

தகடு நெளிந்து டிஸ்கில் உரசினால், வளைத்து நிமிர்த்தினால் போதும்.

பெயரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது

இன்றும் எனக்குக் கோபமூட்டும் பிழை இது. பல சிறிய கார்களில் முன் சில்லுப் பெயரிங், சில்லைத் தாங்கும் நக்கிள் என்ற பாகத்துக்குள் இறுக்கமாக அமர்த்தப்பட்டிருக்கும். அதை நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். பிறகு சில்லு பூட்டப்படும் ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குக் கீழிருந்து தாங்கு கொடுக்க வேண்டும். இதற்கு, சீராக அழுத்தி ஏற்றும் பிரெஸ் இயந்திரமும் சரியான அளவு வளையங்களும் வேண்டும். சுத்தியலால் அடித்தாலோ, பிரெஸ்ஸிலேயே தவறான வளையத்தில் அழுத்தினாலோ, அந்த விசை இரு வளையங்களுக்கும் இடையிலுள்ள குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் பதித்துவிடும். கையால் சுற்றினால் அப்போது ஒன்றும் தெரியாது. சத்தம் ஓட ஓடத்தான் வெளிப்படும்.

தம்பலகாமத்திலிருந்து விவசாயி ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். வேறொரு கராஜில் இடது முன் பெயரிங் மாற்றியிருந்தார்கள். சில வாரங்களில் அதே உறுமல் திரும்பிவிட்டது. பெயரிங்தான் காரணம் என்று முதலில் கண்டுபிடித்தது தவறு என்று அவர்களே முடிவெடுத்து, முன் ரயர் இரண்டையும் மாற்றி, பிறகு சி.வி. ஷாஃப்டையும் மாற்றியிருந்தார்கள். “பெயரிங் புதுசு, அதுல பிழை இருக்காது எண்டு சொன்னவங்கள், தம்பி” என்றார் அவர். அத்தனையும் நெல் விற்ற காசு.

சில்லை உயர்த்தி, கொயில் ஸ்பிரிங்கில் விரல் நுனிகளை வைத்து, மறு கையால் சில்லைச் சுற்றினேன். நல்ல பெயரிங் என்றால் விரலில் எதுவும் படாது; இதில் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு தெளிவாகத் தெரிந்தது. கழற்றி வெளி வளையத்தை வெட்டிப் பார்த்தபோது, பளபளப்பான பாதையில் குண்டுகள் நின்ற இடைவெளிக்கு ஒன்றாக மங்கிய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. வெளி வளையத்தின் விளிம்பில் சுத்தியல் பட்ட தழும்பும் இருந்தது. முதலில் கண்டுபிடித்தது சரிதான். பொருத்திய விதமே பிழை. பிழையாகப் பொருத்திய புதுப் பெயரிங் தன்னோடு சரியான முடிவையும் கெடுத்துவிடுகிறது. அதன் பிறகு எல்லோரும் நல்ல பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள்.

ஆகவே பெயரிங் மாற்றிய பின் சத்தம் திரும்பினால், வேறு எதையும் வாங்க முன்னர் அந்தப் பெயரிங்கையே மறுபடி பாருங்கள். பிரெஸ் இல்லையென்றால் நக்கிளைக் கழற்றி, பிரெஸ் உள்ள லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சென்சருக்கான காந்த வளையம் உள்ள பெயரிங் என்றால், அந்த வளையம் உள்ள பக்கம் சென்சரைப் பார்த்தே இருக்க வேண்டும். ஹப்பை ஷாஃப்டோடு பூட்டும் அக்சில் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிக்காமல், அந்த மொடலுக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதற்கு முன் காரின் பாரத்தைச் சில்லில் இறக்கக் கூடாது.

அரைக்கும் பிரேக்கோடு ஓட்டுவது

கீச்சென்ற சத்தம், பல வேளைகளில், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை. அது அரைக்கும் சத்தமாக மாறினால் பேட்டின் இரும்புத் தகடு டிஸ்கில் உரசுகிறது, காரை நிறுத்துங்கள்.

வெளிப் பேட்டை மட்டும் பார்ப்பது

சில்லின் இடைவெளியால் எட்டிப் பார்த்து, பேட் இன்னும் தடிப்பாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உப்புக்காற்றில் ஓடும் எங்கள் பக்கத்துக் கார்களில், பேட்டுகளை டிஸ்கில் அழுத்தும் கலிப்பரின் வழுக்கும் பின்கள் துருவேறி இறுகுவது வழமை. அப்போது உட்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து தகடு வரை போயிருக்கும். கலிப்பரைத் திறந்து இரண்டு பேட்டையும் பாருங்கள். பேட்டை இரு பக்கச் சில்லுகளிலும் சேர்த்தே மாற்றி, பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்று உள்ள கிரீஸ் பூசி, அவை விரலால் தள்ள அசைகின்றனவா என்று பார்த்த பின்னரே சில்லைப் பூட்டுங்கள்.