பாட்டில்பிரஷ் பூக்கவில்லையா? வெயிலையும் கத்தரியையும் கவனியுங்கள்

பாட்டில் கழுவும் பிரஷ் போலச் சிவப்பாகப் பூக்கும் பாட்டில்பிரஷ் செடி அவ்வளவு சீக்கிரம் சாகாது, ஆனால் பூக்க வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும், பூவோ எங்கோ ஒன்றிரண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: வெயில் போதவில்லை, இல்லாவிட்டால் தப்பான நேரத்தில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி விட்டிருக்கிறார்கள்.

முதலில் இடம். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். நிழலில் வைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடிக் குச்சி குச்சியாக நீளுமே தவிர அடர்ந்து வராது. நர்சரியில் வாங்கும்போதே என்ன வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளைகள் தொங்கும் விமினாலிஸ் வகை மரமாகவே ஆகிவிடும், 5 மீட்டரைத் தாண்டும், வேரும் ஈரத்தைத் தேடிப் போகும், அதனால் கழிவுநீர்க் குழாய்க்கும் சுவருக்கும் பக்கத்தில் அதை நடவே நடாதீர்கள். சிட்ரினஸ் வகை புதர்போல வளரும், இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை அடிக்கும். தொட்டியில்தான் வைக்க முடியும் என்றால் லிட்டில் ஜான் போன்ற குட்டை வகை போதும், ஏறக்குறைய 1 மீட்டரோடு நின்றுவிடும்.

மண் விஷயத்தில் இது பெரிதாக அடம்பிடிக்காது. களிமண்ணையும் ஓரளவு தாங்கும், ஆனால் சுண்ணாம்பு அதிகமுள்ள மண் மட்டும் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட மண்ணில் கொழுந்து இலைகள் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதற்கான அடையாளம் அது. வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் இரும்பு தரும் இரும்புச் செலேட் உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கரைத்து ஊற்றினால் புதுத் துளிர் பச்சையாக வரும்.

வேர்க்கட்டியைப்போல இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம், இவ்வளவு குழி போதும். பையில் சுருண்டு கிடக்கும் வேர்களை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள், தண்டை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். முதல் வருடம் மேல்மண் காயக் காய ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட வாரம் ஓரிரு முறை நன்றாக ஊற்றுவது மேல், வேர் கீழே இறங்கும். அப்புறம் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும், இருந்தாலும் மொட்டு விடும் சமயத்தில் காயப்போட வேண்டாம். தொட்டிச் செடிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்கு எப்போதும் நீங்கள்தான் கதி.

உரத்தில் ஒரு எச்சரிக்கை. பூக்கவில்லை என்றதும் டிஏபியும் எலும்புத்தூளும் அள்ளிப்போடும் பழக்கம் இருக்கிறதே, அதை இங்கே காட்டாதீர்கள். அவற்றில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தால் இரும்பை எடுப்பது தடைப்பட்டு மறுபடி அதே மஞ்சள் இலைதான். மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ பூ முடிந்ததும் கொஞ்சம் போட்டு, காய்ந்த இலையால் மூடாக்கு போட்டால் தாராளம்.

சரி, கவாத்துக்கு வருவோம். இந்தப் பூவை ஒரு முறை கையில் பிடித்துப் பாருங்கள். சிவப்பாகத் தெரிவதெல்லாம் இதழ் இல்லை, மகரந்தத்தாள்கள். நிஜ இதழ்கள் பச்சையாக, பொடிப்பொடியாக, இருப்பதே தெரியாமல் உதிர்ந்துவிடும். பூங்கொத்தின் நுனியில் இன்னொரு வேடிக்கை: கிளை அங்கே முடிவதில்லை, பூவைத் தாண்டி இலைத்துளிராக மேலே வளரும். பூ இருந்த இடத்தில் கட்டையான காய்கள் தண்டை ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். அப்படியே விட்டால் பூவெல்லாம் மேலே மேலே போய், கீழே மொட்டைக் கம்பும் காயுமாக நிற்கும்.

அதனால் பூ வாடி, சிவப்பு உதிர்ந்ததுமே கத்தரியை எடுங்கள். வாடிய கொத்துக்குச் சற்றுக் கீழே, இலை உள்ள இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று துளிர் கிளம்பும், அடுத்த பூ அந்தத் துளிர்களின் நுனியில்தான். இதையே பல மாதம் கழித்து, செடி அழகாக இல்லையே என்று தோட்டவேலிபோல மேலாகச் சீவினால் உருவாகிக்கொண்டிருக்கும் மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். ஏற்கெனவே காடாகிப்போன செடி என்றால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பழைய கிளைகளை எடுத்து இரண்டு மூன்று வருடத்தில் புதுப்பிக்கலாம்.

பூச்சித் தொல்லை குறைவு. செதில்பூச்சி ஒட்டினால் இலையில் கரும்பூசணம் படியும், வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் அடியுங்கள். தேனீக்கள் வரும் பூ என்பதால் பூத்திருக்கும்போது கடுமையான மருந்து எதுவும் வேண்டாம்.

இன்னொரு செடி வேண்டுமானால் விதையை நம்பாதீர்கள். முளைக்கும், ஆனால் தாய்ச்செடியின் நிறமும் உயரமும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது, பூக்கவும் சில வருடம் ஆகும். பென்சிலைவிட மெல்லிய, பாதி முற்றிய கிளையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, வேர்விடத் தூண்டும் ஹார்மோன் தொட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த கலவையில் ஊன்றி, மேலே பாலித்தீன் பை கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க இரண்டு மாதம்கூட ஆகலாம், நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.