தாத்தா போனதுக்கப்புறம் பாட்டிய வெளிய கூட்டிட்டு போறது எப்படி? சென்னைல ஒரு ஐப்பசி நாளுக்கான வழி

மொதல்ல நாள் குறிக்கறது. சென்னைல இலை உதிர் காலம்னு எல்லாம் ஒன்னும் கெடையாது, நமக்கு இருக்கறது புரட்டாசி கடைசிக்கும் ஐப்பசி அடை மழைக்கும் நடுவுல கெடைக்கற கொஞ்ச நாள்தான். வெயில் கொஞ்சம் எறங்கிருக்கும், சாயந்திரம் கடல் காத்து வரும், வடகிழக்கு பருவமழை எப்பவும் அக்டோபர் மூணாவது வாரம் பக்கமாதான் ஆரம்பிக்கும். அதனால நவராத்திரி முடிஞ்சு தீபாவளி கூட்டம் சூடு பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பாருங்க, அதுவும் முடிஞ்சா வார நாள். ஒருத்தர் லீவு போட்டாலும் பரவால்ல, ஞாயித்துக்கிழமை மெரினாவுல பாட்டிய கூட்டிட்டு நின்னா அது ஆறுதல் இல்ல, தண்டனை.

இன்னொரு காரணமும் இருக்கு. மொத வருஷம் பண்டிகை கெடையாதுன்னு வச்சிருப்போம், கொலு கெடையாது, பலகாரம் கெடையாது, எதிர் வீட்ல சுண்டல் வாசன வரும், பக்கத்து வீட்ல புதுத்துணி பத்தி பேசுவாங்க, நம்ம வீடு மட்டும் சத்தமே இல்லாம கெடக்கும். சாவு நடந்த வாரத்துல வீடு நெறைய ஆளு இருந்துச்சு, இப்பதான் யாரும் இல்ல. பாட்டி உள்ளுக்குள்ள ஒடஞ்சு போறது பெரும்பாலும் இந்த நேரத்துலதான், காரியம் நடந்த அன்னிக்கு இல்ல.

வெளிய போலாமா கூடாதாங்கற பேச்சு கண்டிப்பா வரும். கோயிலுக்கு ஒரு வருஷம் போகக்கூடாது, மலை ஏறக்கூடாதுன்னு ஒவ்வொரு வீட்லயும் ஒரு வழக்கம் இருக்கு. பெரியப்பாவ கேக்காதீங்க, சித்தப்பாவ கேக்காதீங்க, பாட்டியவே கேளுங்க, துக்கம் அவங்களுது. கோயில் வேணாம்னா கோயில் வேணாம், சென்னைல போறதுக்கு வேற எடமா இல்ல.

அப்புறம் கூப்பிடற விதம். "மனசுக்கு மாறுதலா இருக்கும், வாங்க பாட்டி"ன்னு சொன்னீங்கன்னா பதில் எனக்கு இப்பவே தெரியும், "நான் எங்கடா வர்றது, கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க". மாறுதல்னு சொன்னாலே தாத்தாவ மறக்கச் சொல்றோம்னுதான் அவங்களுக்கு கேக்கும். அதுக்கு பதிலா நம்மளுக்கு அவங்க தேவைன்னு கேளுங்க. பொய் சொல்ல வேணாம், நெஜமாவே தேவப்படற மாதிரி ஒரு விஷயத்த பிடிங்க. எங்க ஆயாகிட்ட (எங்க பாட்டிதான்) நாங்க கேட்டது இதுதான், "ஆயா, பசங்களுக்கு தாத்தா வேல பாத்த எடத்த காட்டணும், எங்களுக்கு ஒன்னும் சொல்லத் தெரியாது, நீ வந்தாதான் ஆகும்". ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு "எத்தன மணிக்கு கெளம்பணும்"னு கேட்டுச்சு. நாம அவங்கள கூட்டிட்டு போறோம்ங்கறது இல்ல விஷயம், அவங்க நம்மள கூட்டிட்டு போகணும். மிச்சம் எல்லாமே இத சுத்திதான்.

"புருஷன் போயி இன்னும் வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஊர் சுத்த கெளம்பிட்டாளா"ன்னு நாலு பேர் பேசுவாங்கங்கற பயம் பாட்டிக்கு இருக்கும், வாய விட்டு சொல்ல மாட்டாங்க. அதுக்கு அவங்க வயசுலயே ஒருத்தர் வேணும், தங்கச்சியோ நாத்தனாரோ, அவங்கள விட்டு போன் பண்ணி "நானும் வரேன் கெளம்பு"ன்னு சொல்ல வைங்க, அவங்களையும் கார்ல ஏத்திக்கோங்க. பொடவ விஷயத்துலயும் நம்ம வாய் வேணாம். கலர் பொடவ கட்டுனாலும் சரி, கட்டலன்னாலும் சரி, பூ வைக்க சொல்லி வற்புறுத்தறதும் தப்பு, வேணாம்னு தடுக்கறதும் தப்பு.

எடம். இதுலதான் நெறைய பேர் அவங்களுக்கு புடிச்ச எடத்துக்கு பாட்டிய இழுத்துட்டு போயிடறாங்க, மால்ல ஏசி இருக்கு, லிஃப்ட் இருக்குன்னு. மழை புடிச்சுகிட்டா ஒதுங்க மால் நல்லதுதான், ஆனா அங்க பாட்டிக்கு பேச என்ன இருக்கு? தாத்தாவோட சம்பந்தம் இருக்கற எடம் ஒன்னு, சும்மா உக்கார ஒரு எடம், ரெண்டு போதும், மூணாவது வேணாம்.

எங்க தாத்தா ஐசிஎஃப்ல, அதாவது ரயில் பெட்டி செய்யற ஃபேக்டரில வேல பாத்தவரு. பெரம்பூர் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், 1955 அக்டோபர் 2 அன்னிக்கு நேரு வந்து தொறந்து வச்ச ஃபேக்டரி, அந்த ஏரியால பாதி குடும்பம் அதுலதான் வளந்துச்சு. ஃபேக்டரிக்குள்ள நாம போக முடியாது, ஆனா வில்லிவாக்கம் பக்கத்துல ஐசிஎஃப்போட ரயில் மியூசியம் இருக்கு, பழைய இன்ஜின், பழைய பெட்டி எல்லாம் வெட்டவெளில நிக்கும், பசங்களுக்கு குட்டி ரயில் வேற. ஆயா ஒரு பழைய பெட்டி பக்கத்துல போயி உள்ளங்கையால அந்த இரும்ப தடவி பாத்துச்சு, ஆணித்தல ஒவ்வொன்னா விரலால தொட்டுகிட்டே போச்சு, அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. காக்கி சட்டைல கிரீஸ் கறை போகலன்னா மண்ணெண்ணெய் தொட்டு தேய்ச்சு அப்புறம் சோப்பு போட்டது, மண்ணெண்ணெய் நாத்தம் போக ரெண்டு நாள் வெயில்ல காய வச்சது, சைரன் சத்தம் கேட்டா உலை வச்சிடறது, மனுஷன் சைக்கிள்ல வந்து எறங்கறப்ப சோறு வடிச்சிருக்கணும். எங்க அம்மாவுக்கே தெரியாத கதை பாதி. பசங்க கேக்க கேக்க சொல்லிகிட்டே இருந்துச்சு, நடுவுல கொஞ்சம் அழுதுச்சு, அப்புறம் மறுபடியும் சொல்லுச்சு.

உங்க தாத்தா வேற எங்கயாவது இருந்திருப்பாரு. அண்ணா நகர் பக்கம்னா டவர் பார்க், 1968 பொருட்காட்சிக்கு கட்டுன டவர், அந்த பொருட்காட்சிக்கே ஜோடியா போனவங்க இன்னும் இருக்காங்க. டவர் மேல ஏற வேணாம், கீழ பெஞ்சு இருக்கு. டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்ல காபி குடிச்ச ஜோடின்னா அந்த எடம் இப்ப செம்மொழிப் பூங்கா, 2010ல தொறந்தாங்க, ஓட்டல் இல்ல ஆனா மரம் நெறைய இருக்கு. எதுவுமே தோணலன்னா கார்ல மவுண்ட் ரோடு வழியா மெதுவா போங்க, எல்ஐசி பில்டிங் (1959), ஜெமினி பாலம் (1973), இதெல்லாம் புதுசா வந்தப்ப பாத்தவங்க அவங்க. "இங்க என்ன இருந்துச்சு பாட்டி"ன்னு ஒரு கேள்வி போதும், டிராஃபிக்ல நின்னாலும் பரவால்ல, அன்னிக்கு ஒரு நாள் சிக்னல் செவப்பா இருந்தா நல்லதுதான்.

உக்கார்ற எடத்துக்கு கடலே போதும். மெரினாவுல விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மணல் மேல மரப்பாதை போட்டிருக்காங்க, 2022ல வந்தது, அதே வருஷம் மாண்டஸ் புயல்ல சேதமாகி அப்புறம் சரி பண்ணாங்க. வீல்சேர், வாக்கர் எல்லாம் அதுல தண்ணி பக்கம் வரைக்கும் போகும். வருஷக்கணக்கா மெரினாவுல ரோட்டோரமா நின்னு மட்டுமே பாத்தவங்களுக்கு அலைய கிட்ட பாக்கறது பெரிய விஷயம். மூணரை, நாலு மணிக்கு போயி உக்காந்துட்டு இருட்டறதுக்குள்ள கெளம்பிடுங்க, அக்டோபர்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். மரம்தான் வேணும்னா அடையாறு தியசாஃபிகல் சொசைட்டி ஆலமரம், ஆனா அங்க நேரக் கட்டுப்பாடு உண்டு, போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. நடு மரம் 1989ல காத்துல சாஞ்சிடுச்சு, இப்ப நிக்கறதெல்லாம் விழுதுதான். இத வச்சு பாட்டிக்கு தத்துவம் சொல்ல மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க, ப்ளீஸ்.

இப்ப கொஞ்சம் போரிங்கான விஷயம், ஆனா நாள் கெடறது இதுலதான். பாத்ரூம். வெளிய பாத்ரூம் இருக்காதுங்கற பயத்துல பாட்டிங்க காலைலருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க, மத்தியானம் தல சுத்தும், ராத்திரி நீர்க்கடுப்பு. அதனால முந்தின நாளே யாராவது ஒருத்தர் போன் போட்டு கேட்டு வச்சிருங்க, எந்த ஓட்டல்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு, படி ஏறாம போலாமான்னு, பாட்டி கேக்கறதுக்கு முன்னாடியே "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தறோம்"னு சொல்லிடுங்க, தானா தண்ணி குடிப்பாங்க. நீர் மாத்திரை போடறவங்கன்னா அன்னிக்கு நேரத்த தள்ளிப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சுகர் இருந்தா சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது, பையில பிஸ்கட்டும் ரெண்டு மிட்டாயும் இருக்கட்டும்.

கார்ல முன் சீட்டு பாட்டிக்கு, இதுல பேச்சே இல்ல. பெரிய வண்டின்னா ஏற ஒயரம், சின்ன வண்டின்னா எழுந்திரிக்க கஷ்டம், ஒரு முக்காலி டிக்கில போட்டுக்கோங்க. கார் இல்லன்னா மெட்ரோ நல்லாவே இருக்கு, ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, ஆயாவுக்கு மெட்ரோவே ஒரு வேடிக்கைதான். கொடை எடுத்துக்கோங்க, வானம் தெளிவா இருந்தாலும் எடுத்துக்கோங்க, ஐப்பசிய நம்பக்கூடாது.

சாப்பாடு கட்டிட்டு போறதா ஓட்டலான்னு வீட்ல சண்டை வரும். நான் கட்டிட்டு போற பக்கம்தான், புளியோதரையும் தயிர் சோறும், ஆனா பாட்டிய சமைக்க விடாதீங்கன்னு சொல்ல மாட்டேன். புளிக்காய்ச்சல் அவங்க கையாலதான் பண்ணுவேன்னா பண்ணட்டும், பக்கத்துல நின்னு பூண்டு உரிச்சு குடுங்க... புளியோதரைக்கு பூண்டான்னு சண்டைக்கு வராதீங்க, எங்க வீட்ல போடுவோம். தாத்தாவுக்கு புடிச்ச அயிட்டம் ஒன்னு இருக்கட்டும். அத பாத்து அழுவாங்களேன்னு ஒளிச்சு வைக்க வேணாம்.

அழறத பத்தி சொல்லிடறேன். அழுதா ஒடனே எல்லாரும் பதறி "அழாதீங்க, பசங்க பாக்கறாங்க"ன்னு தண்ணி பாட்டில நீட்டுவோம். அழட்டும். பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கைய புடிச்சுகிட்டா போதும், மத்தவங்க அவங்கவங்க வேலைய பாருங்க. "நல்ல சாவு, கஷ்டப்படாம போயிட்டாரு", "வயசாச்சுல்ல", "நீங்கதான் தைரியமா இருக்கணும்", இந்த மூணையும் அவங்க ஏற்கனவே துக்கம் கேக்க வந்தவங்க வாயால நெறைய கேட்டிருப்பாங்க, நாமளும் சொல்ல வேணாம். தாத்தா பேர எடுக்காம சுத்தி வளைச்சு பேசறதும் வேணாம், ஒரு நாள் பூரா அவர பத்தி யாரும் பேசலன்னா அதுதான் அவங்களுக்கு அதிகமா வலிக்கும். பசங்களுக்கு ஒரு வேல குடுங்க, ஒருத்தன் பாட்டியோட பைய தூக்கணும், ஒருத்தி போன்ல கதைய ரெக்கார்ட் பண்ணணும், முன்னாடியே பாட்டிகிட்ட கேட்டுட்டு. செல்ஃபி எடுத்து சிரிங்க சிரிங்கன்னு படுத்தாதீங்க, ஸ்டேட்டஸ்ல "பாட்டி ஹேப்பி"ன்னு போடறது அத விட மோசம்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது ஒன்ன அவங்க பேரம் பேசி வாங்கட்டும், கத்திரிக்காயோ கோலமாவோ. ஆயா ஒரு கூறு கத்திரிக்காய்க்கு அந்த அம்மாவோட போட்ட சண்டைலதான் எங்களுக்கு பழைய ஆயா தெரிஞ்சுது.

வீட்டுக்கு திரும்பறப்ப ஒருத்தர் முன்னாடி போயி கதவ தொறந்து லைட்ட போட்டு வைங்க, பூட்டுன இருட்டு வீட்டுக்குள்ள பாட்டிய மொதல்ல அனுப்பாதீங்க. அன்னிக்கு ராத்திரி யாராவது ஒருத்தர் அங்கயே தங்கணும். மறுநாள் கால் வீங்கிருக்கலாம், மூட் அவுட்டா இருக்கலாம், "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க"ன்னு கேக்காதீங்க.

கடைசியா, வெளிய கூட்டிட்டு போறது வைத்தியம் கெடையாது. மாசக்கணக்கா சாப்பாடு எறங்கல, தூக்கம் இல்ல, ஆளு மெலிஞ்சுகிட்டே போறாங்க, "நானும் போயி சேரணும்"னு அடிக்கடி சொல்றாங்கன்னா அத வயசானவங்க பேச்சுன்னு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல முதியோருக்குன்னே அரசு மருத்துவமனை 2024ல வந்திருக்கு. போன்ல பேசணும்னா டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க. முதியோர் உதவிக்கு எல்டர்லைன் 14567, காலைல 8லருந்து ராத்திரி 8 வரைக்கும். ரெண்டு நம்பரையும் பாட்டியோட போன்லயும் பெரிய எழுத்துல சேவ் பண்ணி குடுத்துடுங்க.