சதவீதத்தை முதலில் சொல்லாதீர்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு எல்லாம் அதில் இருக்கிறது, பிள்ளைகளும் பிசகாமல் போட்டுவிடுகிறார்கள். அதே பிள்ளையிடம் "இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டுங்கள், நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்றுதான் படித்துக்கொள்ளும். பெரியவர்களும் அப்படித்தான் படிக்கிறோம். கோளாறு பிள்ளையிடம் இல்லை, நாம் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் இருக்கிறது.

அந்த 18 கற்பனை எண் அல்ல. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. எதிலிருந்து கூடும்? பிரிட்டன் போன்ற நாட்டில் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு அந்த நோய் வருகிறது. அந்த 6இன் மேல் 18 சதவீதம் என்றால் சுமார் 7, அதாவது நூறு பேரில் ஒருவர் கூடுதல். நம் ஊரில் அந்த அடிப்படை எண்ணே சின்னது என்பதால் கூடுதலும் அதற்கேற்பச் சின்னதாகத்தான் இருக்கும். அப்புறம், சிகரெட் இருக்கும் அதே பட்டியலில் இதையும் சேர்த்தார்கள் என்று ஒரு பீதி கிளம்பியது. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.

இப்படித் தவறாகப் படிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் 1995ஐச் சொல்லலாம். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று பிரிட்டனில் எச்சரிக்கை விடுத்தார்கள். 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வரும் என்பதுதான் அந்த "இரண்டு மடங்கு". பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. கர்ப்பத்தில் இரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் இன்னொரு கொடுமை. இதை வகுப்பில் சொல்லலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் பதினொன்றாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கூரை இடிந்து விழவில்லை.

ஆகவே சதவீதத்தை ஒத்திப்போட்டுவிட்டு ஆட்களை எண்ணவிடுங்கள். எனக்குக் கைகொடுத்தது புளியங்கொட்டை. 200 கொட்டையில் 20ஐ மட்டும் தாயக்கட்டைக்கு உரசுவதுபோல ஒரு பக்கம் வெள்ளையாக உரசிக்கொள்ளுங்கள், அவர்கள் தடுப்பூசி போடாதவர்கள். மீதி 180 பேர் போட்டவர்கள். போடாத 20இல் 2 பேர், போட்ட 180இல் 3 பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு அந்த ஐந்து கொட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். "ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் 60 சதவீதம் தடுப்பூசி போட்டவர்கள்!" என்று தலைப்புப் போடலாம், பொய்யே இல்லை. ஆனால் போட்டவர்களில் 60 பேருக்கு ஒருவர், போடாதவர்களில் 10 பேருக்கு ஒருவர். கொட்டையைக் கையால் நகர்த்திய பிள்ளைக்கு இதை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

எண்ணப்பட்டதையும் நடந்ததையும் ஒன்றாக நினைக்கவிடுவது அடுத்த தவறு. 2021 ஜூலையில் தினசரிக் கொரோனா எண்ணிக்கையில் கேரளாதான் நாட்டிலேயே முதலிடம், கேலியும் நிறைய வந்தது. அந்த ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) இரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம் பேரிடம் இருந்தது, கேரளாவில் 44.4. இத்தனைக்கும் தடுப்பூசியாலும் அந்த எதிர்ப்புப் பொருள் வரும், அதைப் போடுவதில் கேரளா முன்னால் இருந்தது. அதாவது கேரளா தேடிப்பிடித்து எண்ணியது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நோய் அதிகமா, தேடல் அதிகமா என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தயவுசெய்து வகுப்பில் எல்லாரையும் நிறுத்தி எடை பார்த்து, உயரத்துக்கேற்ற எடையா என்று சொல்லும் பிஎம்ஐ போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் நானும் ஒருமுறை செய்தேன், ஒரு பையன் அதற்கப்புறம் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிள்ளைகள் மனதை நோகடிப்பது ஒரு பக்கம், கணக்கும் தப்பு. எடை குறைவு, எடை அதிகம் என்று பிரிக்கும் 18.5, 25 என்ற கோடுகள் பெரியவர்களுக்கானவை. பதினெட்டு வயதுக்குக் கீழே வயது, ஆண், பெண் என்று தனித்தனி வரைபடம் உண்டு, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்டது இருக்கிறது. வகுப்புத் தரவுதான் வேண்டும் என்றால் நாடித்துடிப்பை எடுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்பை விட்டது நான்கு துடிப்புப் பிழையாகிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டாம் முறை எண்ணினால் வேறு எண் வருகிறது.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தபின் ஒரு வினை முளைக்கும்: "அப்போ எல்லாப் புள்ளிவிவரமும் டுபாக்கூர்." உஷார். எதையும் நம்பாத பிள்ளை, எல்லாவற்றையும் நம்பும் பிள்ளை அளவுக்கே ஏமாறும். அதனால் கடைசியில் தள்ளிவிட முடியாத ஓர் எண்ணைக் கொடுப்பேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவீதம். "எது பொய் மிஸ்?" என்பார்கள். முதலாவதில் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தம், இரண்டாவதில் ஊசியால் இரத்தக் குழாயிலிருந்து எடுத்தது, வயது வரம்பும் வேறு. சரி, சின்ன எண்ணையே எடுத்துக்கொள்வோம் என்று, 35 பெண்கள் இருந்த ஒரு வகுப்பில், வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் பைக்குள் போட்டுக்கொள்வதில் கெட்டிக்காரியான ஒருத்தியிடம், இங்கே எத்தனை பேருக்கு இரத்தசோகை இருக்கும் என்று கேட்டேன். 14 என்றாள். கொஞ்சம் யோசித்து, "14னு உறுதியா சொல்ல முடியாது மிஸ், 10ஆ இருக்கலாம், 18ஆவும் இருக்கலாம்" என்றாள்.