கட்டிலைக் கழற்றி, ஏற்றி, மறுபடி மாட்டுவது எப்படி

வீடு மாறும்போது, ஸ்பேனரைத் தேடும் முன் அளவு நாடாவைத் தேடுங்கள். எல்லாக் கட்டிலையும் கழற்ற வேண்டியதில்லை. மூன்றடி அகல இரும்புக் கட்டிலை ஒருக்களித்துச் சாய்த்தால், காலை முன்னே விட்டு முழுசாகவே வாசலைத் தாண்டலாம். 72-க்கு 78 அங்குல மெத்தை போடும் கிங் சைஸ் கட்டில் அப்படியல்ல. அதன் தலைமாட்டுப் பலகையே ஆறேகால் அடி அகலம், மூன்றரை நாலடி உயரம் வரும். அடுக்குமாடி லிஃப்ட் கதவு பெரும்பாலும் 2 மீட்டர் உயரம், அதாவது ஆறரை அடிதான். பலகையை நட்டமாக நிறுத்தினால் நுழைந்துவிடும். ஆனால் லிஃப்டின் உள் ஆழம் பலகையின் உயரத்தைவிடக் குறைவென்றால் படிக்கட்டுதான் வழி. அதை முந்தின நாளே அளந்து வைத்தால், ஏற்றும் ஆட்களோடு கூலித் தகராறு வராது. கழற்றி மாட்டுவதும் பேசிய கூலியில் சேர்த்தியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சேர்த்தி என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு ஆலன் கீகூட (போல்ட் தலைக் குழியில் விட்டுத் திருகும் ஆறுபட்டைச் சாவி) இல்லாமல் வந்து நிற்பவர்கள் உண்டு.

வேண்டிய சாமான்: 10, 13 நம்பர் ஸ்பேனர், 4, 5, 6 மில்லி ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ரப்பர் சுத்தியல், மாஸ்கிங் டேப், பேனா, ஜிப் கவர். ரப்பர் சுத்தியல் இல்லையென்றால் மரத்துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் சாதாரணச் சுத்தியலால் தட்டலாம். பிரவுன் டேப்பை மரத்தில் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும்.

கழற்றும் முன் நான்கு மூலைகளையும், அடியிலிருந்து ஒன்றையும் போனில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சேரும் இரண்டு துண்டுகளிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள்: தலைமாட்டு இடது மூலைக்கு 1 என்றால், பலகையிலும் 1, சட்டத்திலும் 1. ஆசாரி கையால் செய்த தேக்குக் கட்டிலில் இது கட்டாயம். ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக இழைத்துப் பொருத்தியது. இடதை வலதில் மாட்டினால் துளை ஒரு நூல் தள்ளி நிற்கும், போல்ட் ஏறாது.

வரிசை இப்படி: மெத்தை, மேல் பலகைகள், குறுக்குச் சட்டங்கள், நடுக்கால், கடைசியில் பக்கச் சட்டங்கள். நான்கு மூலை போல்ட்டுகளையும் முதலில் தளர்த்த மட்டும் செய்யுங்கள். கால்மாட்டுப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள அதை முதலில் விடுவித்து, பிறகு தலைமாட்டுக்கு வாருங்கள். யாரும் பிடிக்காமல் கடைசி போல்ட்டை எடுத்தால் தலைமாடு கவிழும். தேக்குப் பலகையின் கனம் காலில் விழுந்தால் வீடு மாறும் நாள் ஆஸ்பத்திரியில் போகும்.

மூட்டு எந்த வகை என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். பழைய கட்டில்களில் நீள போல்ட் காலைத் துளைத்துச் சட்டத்துக்குள் போய், அங்கே குழியில் கிடக்கும் நட்டில் ஏறியிருக்கும். போல்ட் வெளியே வரும்போது நட்டு உருண்டு கட்டிலடியில் ஓடும், குழிக்குக் கீழே கை வைத்துக்கொள்ளுங்கள். கொக்கிப் பட்டை வைத்த கட்டிலில் திருகுவதற்கு ஒன்றுமில்லை. சட்டத்தைக் கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் போதும். ஆனால் தலைப்பக்கம் கொஞ்சம், கால்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் முழுக்கத் தூக்கினால் மறுபக்கக் கொக்கி முறுகி, ஸ்க்ரூக்களை மரத்தோடு பெயர்த்துவிடும். துருப்பிடித்த போல்ட் அசையவில்லையா? இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் காத்திருங்கள். பலத்தைக் காட்டினால் தலை மழுங்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு கட்டில்தான் இருப்பதிலேயே நோஞ்சான். பலகைகளைப் பிணைக்கும், வட்டத் தலையுள்ள மினிஃபிக்ஸ் பூட்டை இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பினாலே பிடி விடும். அதற்குமேல் முறுக்கினால் தலை உடையும். நேராகப் பலகையில் ஏறிய ஸ்க்ரூக்களை மிஷின் வைத்துக் கழற்றலாம், திரும்பப் போடும்போது மட்டும் கையால்தான் போட வேண்டும். மிஷின் வேகத்துக்கு உள்ளே மரத்தூள் பொடிந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும். ஏற்கெனவே சுற்றுகிறதா? துளையில் ஃபெவிகால் விட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இந்த வகைக் கட்டில் இரண்டு மூன்று முறை வீடு மாறினாலே பெரிய காரியம். அதன் மதிப்பைவிட வண்டி வாடகை அதிகம் என்றால் விற்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஹைட்ராலிக் ஸ்டோரேஜ் கட்டிலில் அவசரம் ஆகாது. மெத்தையின் கனத்தை நம்பித்தான் மூடியைத் தூக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். மெத்தையை எடுத்ததும் மூடி தானாக மேலே எழும்பும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மூடியை முழுக்கத் திறந்து, உள்ளிருக்கும் பொருள்களை எடுத்து, இரண்டு பேர் மூடியைத் தாங்கிய பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். முழுக்கத் திறந்த நிலையில்தான் அதற்கு விசை மிகக் குறைவு. முனையிலுள்ள கிளிப்பைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் குமிழிலிருந்து கழன்று வரும், கிளிப்பை முழுசாகப் பிடுங்க வேண்டாம். எந்த முனை மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அழுத்தமேற்றிய வாயு. துளையிடுவதோ, நெருப்பருகே வைப்பதோ கூடாது.

கழற்றிய போல்ட்டில் அதன் நட்டையும் வாஷரையும் அங்கேயே திருகிவிட்டு, எண்ணிக் கவரில் போட்டு, வெளியே எண்ணிக்கையை எழுதுங்கள். அந்தக் கவர் சாமான் மூட்டையில் போகக்கூடாது, உங்கள் கைப்பையில் போகட்டும்.

பிரித்துப் போட்ட நேரத்தில் டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். ஸ்க்ரூத் துளையைச் சுற்றியும் மெத்தைத் தையலிலும் மிளகு நுனியளவு கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அதைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பூச்சி மருந்துக்காரரை இங்கேயே கூப்பிடுங்கள். சட்டத்துக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெத்தையில் தென்னைநார் வகையை ஒருபோதும் மடிக்காதீர்கள், உள்ளே முறிந்து பள்ளம் விழும். ஸ்பிரிங் மெத்தையும் அப்படியே, ஓரக்கம்பி வளைந்தால் நிமிராது. இலவம்பஞ்சை மட்டும் தாராளமாகச் சுருட்டலாம், ஆனால் மழைத்துளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்தால் பஞ்சு கட்டிகட்டியாகிவிடும்.

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாட்டா ஏஸின் தளம் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஐந்தடி அகல க்வீன் மெத்தையே அதில் படுக்காது. ஒருக்களித்து நிறுத்தி, ஒரு பக்கம் தலைமாடு, மறுபக்கம் கால்மாடு என்று வைத்தால் மெத்தையே நடுவில் தடுப்பாகவும் நிற்கும். பாலிஷ் போட்ட முகம் உள்நோக்கி இருக்கட்டும். வெயிலில் பிளாஸ்டிக் நேராகப் பட்டால் பாலிஷில் தடம் பதியும், முதலில் பழைய போர்வை, அதன்மேல் பிளாஸ்டிக். சட்டங்களைத் தளத்தின் ஓரத்தில் படுக்கையாக வையுங்கள். கயிறு படும் விளிம்பிலெல்லாம் அட்டை மடித்துக் கொடுங்கள். மெத்தையின் நடுவே கயிறு இறுக்கினால் அந்தக் கோடு பிறகு போகாது.

போன இடத்தில் பால் காய்ச்சியதும் அடுத்த வேலை கட்டில்தான். இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் மாட்டினால் நடுக்கால் மறந்துபோகும், ஒரு மாதத்தில் நடுச்சட்டம் தொய்யும். தெற்கே தலையா, கிழக்கே தலையா என்பதைப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். ஏழடிக்கு ஆறேகாலடிக் கட்டில் மூலைக்கு மூலை ஒன்பதேகால் அடிக்கு மேல் வரும். பத்துக்குப் பத்து அறையில் பீரோ ஏறிவிட்டால் அதைத் திருப்பவே முடியாது. தரையில் இழுத்தால் முதலில் விடுவது மூலை மூட்டு.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றி, இரண்டு குறுக்களவும் சமமா என்று நாடா பிடித்துப் பாருங்கள். சமமானபின் ஒரே மூலையை முழுக்க இறுக்காமல், எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். மரமும் மரமும் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் புரளும்போது கிறீச்சென்று கத்தாது. ஒரு வாரம் படுத்தபின் இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள்.