ரிட்பெர்க் அணுவிலிருந்து எலக்ட்ரானை உருவுவது எப்படி? ஒரு கிராஃப் தாள் போதும்

ஞாயிறு காலைகளில் காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் கேட்டாள்: "ஹைட்ரஜனோட அடிமட்டத்துல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க சென்டிமீட்டருக்கு 32 கோடி வோல்ட் வேணும்னு சொன்னீங்க சார். ரிட்பெர்க் அணுவுக்கு மட்டும் 50 வோல்ட் எப்படிப் போதும்?" அருமையான கேள்வி. எலக்ட்ரான் மிக உயர்ந்த மட்டத்துக்கு ஏறி, அணுக்கருவை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் அணுவைத்தான் ரிட்பெர்க் அணு என்கிறோம். ஆத்தங்குடித் தரையில் கிராஃப் தாளை விரித்து, எல்லோரும் சேர்ந்து வரைந்தே பார்த்தோம். நீங்களும் வரையலாம். பென்சில், கால்குலேட்டர் இருந்தால் சரி.

படி 1: அணுவைப் பெரிதாக்குங்கள்

முதன்மைக் குவாண்டம் எண், அதாவது எலக்ட்ரான் இருக்கும் மட்டத்தின் வரிசை எண், 50 என்று வைத்துக்கொள்வோம். ஆரம் அந்த எண்ணின் இருமடிக்கு ஏற்ப வளரும்: 0.053 நானோமீட்டரை 2,500ஆல் பெருக்கினால் சுமார் 132 நானோமீட்டர். பிணைப்பு ஆற்றலோ அதே இருமடியால் வகுபடும்: 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை 2,500ஆல் வகுத்தால் 5.44 மில்லி எலக்ட்ரான் வோல்ட். தாளில் கிடையாகத் தூரத்தையும் செங்குத்தாக ஆற்றலையும் குறித்து, −5.44 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். நம் எலக்ட்ரான் அங்கேதான் இருக்கிறது.

படி 2: மின்புலம் இல்லாத பள்ளம்

அணுக்கருவிலிருந்து உள்ள தூரத்தை நானோமீட்டரில் எடுத்து, 1440ஐ அதால் வகுத்து, முன்னால் கழித்தல் குறி போடுங்கள். அதுதான் மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் நிலை ஆற்றல். 100க்கு −14.4, 500க்கு −2.88. கோடு பூஜ்யத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும், திரும்ப இறங்காது.

படி 3: மின்புலத்தைச் சேருங்கள்

சென்டிமீட்டருக்கு 51.4 வோல்ட் கொடுப்போம். பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள். ஒரு சென்டிமீட்டரில் ஒரு கோடி நானோமீட்டர். ஆகவே எலக்ட்ரான் இழுபடும் பக்கத்தில் ஒவ்வொரு நானோமீட்டருக்கும் 0.00514 மில்லி எலக்ட்ரான் வோல்ட் குறையும். தூரத்தை இதால் பெருக்கி, முந்தைய விடையிலிருந்து கழியுங்கள்:

200க்கு −8.23
300க்கு −6.34
400க்கு −5.66
530க்கு −5.44
700க்கு −5.66
1000க்கு −6.58

புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். ஏறிக்கொண்டே போன கோடு 530இல் ஒரு மேடு கட்டி அந்தப் பக்கம் இறங்குகிறது. மேட்டின் உச்சி நாம் முதலில் போட்ட −5.44 கோட்டைச் சரியாகத் தொடுகிறது! அப்பத்தாவின் பணியாரக் கல்லில் ஒரு குழிக்குள் கோலிக்குண்டைப் போட்டுக் கல்லைச் சாய்த்துக் காட்டினேன். கொஞ்சம் சாய்த்தால் குண்டு ஓரத்துக்கு நகரும். இன்னும் சாய்த்தால், தாழ்ந்த விளிம்பைத் தாண்டி வெளியே ஓடும். 50ஆம் மட்டத்து எலக்ட்ரான் ஏற்கெனவே விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பதால், சின்னச் சாய்வே அதற்குப் போதும்.

படி 4: மற்ற மட்டங்களுக்கு

32.1 கோடியைக் குவாண்டம் எண்ணின் நான்மடியால் வகுத்தால், சென்டிமீட்டருக்குத் தேவையான வோல்ட் கிடைக்கும். எண் இரட்டித்து 100 ஆனால் புலம் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 3.2 வோல்ட். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தகடுகள் வைத்து, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை இணைத்தால், 121ஆம் மட்டத்தையே அது உடைத்துவிடும். எனக்கு இன்றும் சிலிர்ப்பது இந்தக் கணக்குதான்.

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. மின்புலம் பள்ளத்தைச் சாய்ப்பதோடு நிற்பதில்லை, மட்டத்தையும் விசிறிபோலப் பல கிளைகளாகப் பிரிக்கிறது. இது 1913இல் யோகன்னஸ் ஸ்டார்க் கண்ட விளைவு. ஹைட்ரஜனில் மிகக் கீழே இறங்கும் கிளைக்கு, மட்டமே தாழ்ந்துவிடுவதால், 51 வோல்ட் போதாது, சுமார் 91 வேண்டும். மேலே ஏறும் கிளைகளுக்கு இன்னும் அதிகம். ரூபிடியம் போன்ற அணுக்களுக்கு நம் எளிய கணக்கு பெரும்பாலும் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆய்வகத்தில் இதையே கருவியாக்கிக்கொள்கிறார்கள்: புலத்தைப் படிப்படியாக ஏற்றி, எலக்ட்ரான் எந்த நேரத்தில் வெளிவருகிறது என்று பார்த்து, அணு எந்த மட்டத்தில் இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து 30ஆம் மட்டத்துக்கு நீங்களே வரையுங்கள். புலம் சுமார் 397 வோல்ட் வரவேண்டும். மேடு 190 நானோமீட்டர் அருகே, −15.1 உயரத்தில் நின்றால் உங்கள் கணக்கு சரி.