நீச்சல் குளப் பராமரிப்போடு பிரஷர் வாஷிங்: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் நெருங்கும்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குளம் பராமரிக்கிற எங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி போன் வரும். "தம்பி, குளத்தைச் சுத்தி ஒரே பாசி. கால் வச்சா வழுக்குது. உங்ககிட்ட அந்த பிரஷர் மெஷின் இருக்கா?" வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் ஊறப்போட்ட பிறகு தளம், மதில், மொட்டை மாடி எல்லாமே கறுத்துக் கிடக்கும். அந்த வளாகத்துக்குள் வாரம் மூன்று நாள் போய்வருகிற ஆள் நாம்தான். தண்ணீர்க் குழாய் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, நாயை எப்போது கட்டுவார்கள் என்பது வரை நமக்குத் தெரியும். அதனால் இந்த வேலை நம்மைத் தேடித்தான் வருகிறது. தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் அந்த மெஷினை வாங்கலாமா என்று கேட்கும் இளம் நண்பர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒன்றை மட்டும் முதலில் கேட்பேன்: தளத்தில் அடிக்கிற அழுக்குத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்தாயா?

வெறும் கழுவும் தொழில் செய்பவருக்கு அந்தக் கேள்வி பெரிதில்லை. கழுவிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நமக்கு மறுநாள் காலை அதே குளத்தின் முன்னால் நிற்க வேண்டும்.

நான் இதைக் கற்றது ஒரு விருந்தினர் இல்லத்தில். ஓவர்ஃப்ளோ வகைக் குளம், விளிம்பில் வழியும் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு தொட்டிக்குப் போய்க் குளத்துக்கே திரும்பும். வெள்ளிக்கிழமை மதியம் சுற்றுத்தளம் முழுக்க அடித்தேன். கல் பளிச்சென்று வந்தது. குளத்து விளிம்பில் இருக்கும் ஜல்லடை வாய்க்கால் வழியாகச் சேறும் பாசியும் சோப்பும் நேராக பாலன்சிங் டேங்க் என்ற அந்தத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை குழந்தைகளோடு ஒரு குடும்பம் இறங்க வந்தபோது தண்ணீர் பழுப்பாகக் கலங்கி, தண்ணீர் திரும்பி வரும் இன்லெட் பக்கமெல்லாம் நுரை தள்ளியது. ஃபில்டரின் அழுத்தமானி எகிறியிருந்தது. தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷை மூன்று முறை கொடுத்தும் தெளிய இரண்டு நாள் ஆனது. அந்த வீட்டுக்காரர் தளம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. குளத்தைப் பற்றித்தான் பேசினார். பேச வேண்டியதும் அதுதான்.

ஆகவே வேலைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். ஓவர்ஃப்ளோ குளம் என்றால் வாய்க்காலிலிருந்து பாலன்சிங் டேங்குக்குப் போகும் வழியை அடைத்து, வெளிவடிகாலுக்குத் திருப்ப வால்வு இருந்தால் திருப்புங்கள். வால்வே இல்லாத குளங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே வாய்க்காலின் துளைகளைத் துணிப்பந்து வைத்து அடைத்துவிட்டு, தேங்கும் அழுக்குத் தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்து வெளியே இறைக்க வேண்டும். சுவரில் உள்ள வாய் வழியாக மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மர் வகைக் குளத்தில் தண்ணீரை ஒரு சாண் இறக்கி, தார்ப்பாயால் மூடுங்கள். குளத்து விளிம்பில் தொடங்கி வெளிப்பக்கமாக அடித்துக்கொண்டு போங்கள். எதிர்த்திசையில் அடித்தால் எல்லாம் குளத்துக்குத்தான் திரும்பும். தளம் முடிந்த பிறகுதான் குளத்துக்கு வேக்குவம் போட வேண்டும், அதுவும் ஃபில்டர் வழியாக வேண்டாம், வேஸ்ட் லைனில் வெளியேற்றுங்கள். மாலையில் குளோரினும் பி.எச்.சும் பார்த்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். இதையெல்லாம் செவ்வாய், புதனில் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்கு ஆள் வருகிற இடத்தில் வெள்ளிக்கிழமை பிரஷர் மெஷினைத் தொடவே கூடாது.

சோப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாஸ்பேட் கலந்த சோப்புத்தூள் குளத்தில் இறங்கினால் பாசிக்கு உரம் போட்டது போல. எங்கள் தளங்களில் எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் இப்போது சோப்பே போடுவதில்லை.

கல்லைத் தெரியாமல் ஆசிட் ஊற்றுவது

குளத்து டைல்ஸில் படியும் வெள்ளை உப்பை எடுக்க நாம் ஆசிட் பயன்படுத்தியே பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடு தளத்துக்கு வருவதுதான் ஆபத்து. இங்கே குளத்தைச் சுற்றிப் போட்டிருப்பது பெரும்பாலும் கோட்டா கல், தாண்டூர் கல், கடப்பா கல். மூன்றுமே சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்கும். அழுக்கு கரைவதாக வேலையாள் நினைப்பான், உண்மையில் கரைவது கல். காய்ந்த பிறகு மெருகு போய், வெளிறிய திட்டுத் திட்டாக நிற்கும். மறுபடி பாலிஷ் போடும் செலவு நம் தலையில். கிரானைட் தாங்கும், ஆனால் அதன் இடைவெளியில் இருக்கும் சிமெண்ட் பூச்சு தாங்காது. ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணை இருந்தால் பிரஷரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். அது சூளையில் சுடாத, கையால் வார்த்த சிமெண்ட் கல். மேலே இருக்கும் வண்ணப் படலம் மெல்லியது. ஈரத்துணிதான் அதற்கு.

தெரியாத கல்லாக இருந்தால் மூலையில், பூந்தொட்டிக்குப் பின்னால், இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கடற்கரையோர வீடுகளில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. சுவரிலும் கல்லிலும் பூத்து நிற்கும் உப்பை அழுக்கு என்று நினைத்து அடிப்போம். அன்றைக்குப் போகும். உள்ளே போன ஈரம் காயும்போது இன்னும் அதிக உப்பை வெளியே கொண்டுவரும். ஒரு மாதத்தில் வாடிக்கையாளர் கூப்பிடுவார். வேலைக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

மெஷினின் பலத்தை நம்புவது

கடையில் 100 பார் (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) மெஷினுக்கும் 200 பாருக்கும் விலை ஒப்பிட்டு, பெரியதே நல்லது என்று வாங்கிவிடுகிறோம். பாசிக்கு உயிர் இருக்கிறது. மேலே சீவிவிட்டால் வேர் போல இருக்கும் பகுதி கல்லின் துளைகளுக்குள் நிற்கும், அடுத்த மழைக்குத் தழைக்கும். அதைக் கொல்வது ஹைப்போ, அதாவது குளத்துக்கு ஊற்றும் திரவக் குளோரின் (சோடியம் ஹைப்போகுளோரைட்). அந்த வேதியியல் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. கார் கழுவுகிறவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும், இந்தத் தொழிலில் நம் முதலீடே அதுதான். கடையில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு சதவீத ஹைப்போவில் ஒரு லிட்டருக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சதவீதம் வரும். சுற்றியுள்ள செடிகளை முதலில் நன்றாக நனைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் இதைத் தெளித்து, காயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசினால் பாதி வேலை முடிந்துவிடும். 200 பார் தேவைப்படும் இடம் மிகக் குறைவு.

கன் முனையில் மாட்டும் நாசிலில் நிறம்தான் தாரை விரியும் கோணத்தைச் சொல்லும். சிவப்பு என்பது சுழியக் கோணம், ஊசி போன்ற ஒரே தாரை. அதைத் தளத்தில் பயன்படுத்தினால் கோடு விழும், பேவர் பிளாக்கின் முகம் பெயரும், மரத்தில் நார் எழும்பும். பச்சை, அதாவது 25 டிகிரி, அல்லது வெள்ளை, 40 டிகிரி போடுங்கள். ஒரு முழம் தள்ளித் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் நெருங்குங்கள். பெரிய தளத்துக்கு வட்டமான சர்ஃபேஸ் கிளீனர் வாங்குங்கள். வெறும் கன்னால் அடித்த தளம் காய்ந்ததும் வரிவரியாகத் தெரியும். பேவர் பிளாக் இடுக்குகளிலிருந்து மணல் வெளியேறினால் திரும்ப மணல் நிரப்பிக் கொடுப்பது நம் வேலை, அதையும் விலையில் சேருங்கள். குளத்துக்குள் பதித்த கண்ணாடி மொசைக்கின் இடுக்குப் பூச்சை பிரஷரால் அடிக்காதீர்கள். ஒன்றிரண்டு பெயர்ந்தால் போதும், பிறகு வரிசையாகக் கழன்று வரும்.

தாரை உடம்பில் பட்டால் சின்ன ஊசித் துளை போலத்தான் தெரியும். தோலுக்குள் தண்ணீரும் அழுக்கும் ஏறியிருக்கும். கட்டுப்போட்டுவிட்டு வேலையைத் தொடரும் காயம் இல்லை அது, அப்போதே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய காயம். வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். செருப்போடு ஒருவரையும் கன் பிடிக்க விடாதீர்கள்.

குளத்தைக் காலி செய்து அடிப்பது

"எப்படியும் மெஷின் வந்திருக்கு, குளத்தையும் காலி பண்ணி உள்ளேயும் அடிச்சிடுங்க" என்பார்கள். மழை முடிந்த கையோடு இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கடற்கரையோரம் அப்போது நிலத்தடி நீர் மேலே நிற்கும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே வெளியே தண்ணீர் நின்றால், அது குளத்தைக் கீழிருந்து தள்ளும் விசை 50 டன். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த எடை அழுத்திப் பிடித்திருக்கும். காலி செய்தால் தொட்டி படகு போல மேலெழும்ப முயலும், விரிசல் விழும், குழாய்கள் ஒடியும். ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் அதைத் திரும்ப நிரப்பவே 75,000 லிட்டர் வேண்டும், 12,000 லிட்டர் லாரியில் ஆறு நடைக்கு மேல். சென்னையின் ஏரிகள் வற்றிய 2019 கோடையைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தண்ணீரை லேசாக நினைக்க மாட்டார்கள். காலி செய்தே ஆக வேண்டும் என்றால் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிய வெயில் காலத்தில், கட்டியவரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

ஒரே வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றுவது

என்னை இரவில் விழிக்கவைக்கும் தவறு இதுதான். நம் வண்டியில் ஏற்கெனவே ஹைப்போ, ஆசிட், கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள், குளோரின் மாத்திரை எல்லாம் இருக்கும். இப்போது பெட்ரோல் இன்ஜின் மெஷினும் ஒரு கேன் பெட்ரோலும் சேர்கின்றன. கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் பெட்ரோலோ எண்ணெயோ கலந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். அதே தூளும் டி.சி.சி.ஏ. என்ற அந்தக் குளோரின் மாத்திரையும் ஈரத்தில் கலந்தாலும் வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கும். பெட்ரோல் கேன் ஒருநாளும் ரசாயனம் இருக்கும் வண்டியில் போகக் கூடாது. முடிந்தால் கரண்ட் மெஷினே வாங்குங்கள்.

அடுத்தது ஸ்பிரேயர். காலையில் ஹைப்போ தெளித்த அதே கேனில் மதியம் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு அது, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். நம் பம்ப் ரூம் பல இடங்களில் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி ஸ்பிரேயர் வாங்கி, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத வேலையாள் இருந்தால் நிறமே பேசட்டும்.

கரண்ட் மெஷினுக்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஈரத்தரையில் கிடக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பி வேலை செய்யாதீர்கள்.

விலையும் நேரமும்

மாத ஒப்பந்தம் வைத்திருக்கும் வாடிக்கையாளர், "அதோட சேர்த்து இதையும்" என்று தொடங்குவார். முதல்முறை பழக்கத்துக்காகச் சும்மா செய்தால் இரண்டாம் முறை அது உரிமையாகிவிடும். தனித் தாளில், தனி விலையில், எந்த இடம், எந்தக் கல், எது போகாது என்று எழுதிக் கொடுங்கள். தொடங்கும் முன் உடைந்த டைல்ஸ், பெயர்ந்த பூச்சு, உரிந்த பெயிண்ட் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர்ச் செலவையும் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் மெஷின் மூன்று மணி நேரம் ஓடினால் 2,700 லிட்டர். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் அதை யார் தருவது என்று முன்பே பேசாவிட்டால் வாசலில் சண்டை வரும். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். உப்புத் தண்ணீரிலிருந்தே குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டர் உள்ள குளத்தில் அதைச் செய்தால் பம்பின் உலோக பாகங்கள் சீக்கிரம் அரிக்கும்.

நேரம் இன்னும் முக்கியம். ஒரு குளத்துக்கு முக்கால் மணி நேரம் என்று ஒரு காலையில் ஐந்து இடம் போகிறவர், ஆயிரம் சதுர அடி தளத்தில் மாட்டிக்கொண்டால் மற்ற நான்கு குளமும் அன்று பச்சையாகத் தொடங்கும். மாதாமாதம் வீட்டுக்கு அரிசி வாங்கித் தருவது அந்த நான்கு குளங்கள். கழுவும் வேலைக்குத் தனி ஆள், தனி நாள். கணக்கிலும் இரண்டு வருமானமும் ஒன்றாகத்தான் சேரும். ஆண்டு மொத்தம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதைப் பலர் தாண்டிய பிறகுதான் உணர்கிறார்கள்.

மெஷினைப் பார்த்ததும் வரும் இன்னொரு கோரிக்கை

கடைசி வேலை முடித்து ஓஸ் சுருட்டும்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் வருவார். "அந்த செப்டிக் டேங்க் கொஞ்சம் அடைச்சிருக்கு, பையனை இறக்கி இந்த மெஷினாலேயே அடிச்சு விட்டா ஐநூறு ரூபாய் தர்றேன்." நேரில் கேட்டிருக்கிறேன், மூன்று முறை. பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல்முறையே இரண்டு ஆண்டு சிறை வரை போகும். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பையன் மூச்சுத் திணறி விழுந்தால், காப்பாற்ற இறங்கும் அடுத்தவனும் விழுவான். மூடிய சம்பு, பாலன்சிங் டேங்க் இரண்டிலும் இதே ஆபத்து இருக்கிறது, பெட்ரோல் இன்ஜினை அருகே ஓடவிட்டால் அதன் புகையே போதும். நான் செயலாளரிடம் லாரி வைத்து உறிஞ்சும் உரிமம் பெற்றவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பையனை வண்டியில் ஏறச் சொல்லிவிடுவேன்.