முதல் பந்தோபஸ்துக்குப் போகும் எஸ்.ஐ.க்கு

என் அக்கா மகன் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்து, இப்போது ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "சித்தி, ஒரு வழிபாட்டு இடம் சம்பந்தமான ஆர்ப்பாட்டம். எதிர்த்தரப்பும் அதே நாளில் அனுமதி கேட்டிருக்காங்க. நான் என்னென்ன பார்க்கணும்?" என்றான். ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவனைப் போலப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் 1987இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, போன வருடம் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. 1982 மார்ச் 1ஆம் தேதி மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவர் மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து ஆறு பேர் இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. அதன்பிறகு எங்கள் பக்கத்தில் காக்கிச் சட்டை தெருவுக்குள் வந்தாலே, "அவங்க ஆளா, நம்ம ஆளா?" என்பதுதான் முதல் கேள்வி. என் பெயர்ப்பட்டையைப் படித்தாலே என் மதம் தெரிந்துவிடும். அதனால் 38 வருடமும் அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது.

பழைய கோப்பை எடுங்கள்

அனுமதி கேட்டு மனு வந்ததும், இதற்கு முன்பு எதிர்த்தரப்புக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை ஒலிபெருக்கி, எந்த இடம், எந்தத் தெரு வழி. அன்று இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு இன்று ஒரு மணி நேரம்தான் என்றால், அதற்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். 'பிரச்சினை வரலாம்' என்பது காரணம் ஆகாது. யாரால், எந்த இடத்தில், எதனால் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் காரணம் இல்லை என்றுதான் அர்த்தம்.

முப்பது இரண்டு (கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தும் போலீஸ் சட்டம் 30(2)), பழைய 144 தடை உத்தரவு (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இல் 163) இரண்டையும் மேலதிகாரிகள் போடுவார்கள். ஆனால் அதற்கான அறிக்கை உங்கள் மேஜையிலிருந்துதான் போகும். ஒரு தரப்பு தேதி கேட்டால் வந்துவிடும் தடை, மறுதரப்பு கேட்கும்போது காணாமல் போனால் ஊர் அதை மறக்காது. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் ஊர்வல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 மே மாதம் சொன்னதை மனதில் வையுங்கள்: ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் இருக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்கக் கூடாது. இது எல்லா மதத்துக்கும் எல்லாத் தெருவுக்கும் பொருந்தும். அதேபோல, பொதுச் சாலையைக் காலவரையில்லாமல் மறித்து உட்கார முடியாது என்று 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எல்லாருக்கும்தான். பிடிக்காதவர்கள் உட்காரும்போது மட்டும் ஞாபகம் வரும் தீர்ப்பாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

தெருவை நடந்து பாருங்கள்

ஜீப்பில் போகாதீர்கள். ஊர்வலம் எத்தனை மணிக்கோ அதே மணிக்கு, முந்தின நாள் நடந்து போங்கள். எங்கே கட்டடம் கட்டச் செங்கல்லும் ஜல்லியும் கொட்டியிருக்கிறது, எந்தச் சந்து எங்கே போய் முட்டுகிறது, எந்த மொட்டை மாடியிலிருந்து கல் விழலாம் என்று நடந்தால்தான் தெரியும். பள்ளிவாசல் பலகையில் அஸர் (பிற்பகல் தொழுகை), மஃரிப் (அந்தித் தொழுகை) நேரம் இருக்கும். மஃரிப் சூரியன் மறைவதைப் பொறுத்தது என்பதால் போன மாதக் குறிப்பு இந்த மாதம் உதவாது. சர்ச்சில் திருப்பலி நேரம், கோயிலில் சாயரட்சை நேரம் இவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரில் பிள்ளையார் ஊர்வலம் மஃரிபுக்குப் பத்து நிமிடம் முன்பு பள்ளிவாசலைத் தாண்ட வேண்டும் என்று பேசி முடித்திருந்தோம். டிராக்டர் டயர் பஞ்சராகி இருபது நிமிடம் தாமதம். விழாக் கமிட்டிப் பெரியவரிடமும் ஜமாஅத் செயலாளரிடமும் அங்கேயே, ஒரே நேரத்தில், இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்துப் பேசினேன். தொழுகை முடியும்வரை ஊர்வலம் ஐம்பது அடி தள்ளி நிற்பது, பிறகு மேளத்தோடு போவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். தனித்தனியாகப் போய்ப் பேசியிருந்தால், "அவங்ககிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்ற சந்தேகத்திலேயே அந்த நேரம் போயிருக்கும். அமைதிக் கூட்டத்துக்கும் இதேதான். ஸ்டேஷனில் வைக்காதீர்கள், தாலுகா அலுவலகத்தில் வையுங்கள். எல்லாருக்கும் நாற்காலி போடுங்கள்; ஒரு தரப்பு உட்கார்ந்து, மறுதரப்பு கைகட்டி நின்றால் கூட்டம் அங்கேயே தோற்றுவிட்டது.

உங்கள் பெயரும் உங்கள் நெற்றியும்

பெயர்ப்பட்டையைக் கழற்றாதீர்கள், கைக்குட்டையால் மறைக்காதீர்கள். கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் மதத்தைக் காட்டுகிறதா? காட்டட்டும். மறைத்த பெயருக்குத்தான் ஊர் கதை கட்டும்.

தாடி பற்றிப் பையன்கள் கேட்கிறார்கள். 1957ஆம் வருட மெட்ராஸ் போலீஸ் கெஜட் உத்தரவைக் காட்டி, முஸ்லிம் காவலர்கள் பணியில் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் சொல்லியிருக்கிறது. வீட்டில் பூசிய திருநீறையும் யாரும் அழித்துவிட்டு வரச் சொல்லவில்லை. நான் கண்டிப்பாகச் சொல்வது வேறு. வரிசையில் நிற்கும்போது எந்தச் சிலைக்கும் எந்தக் கொடிக்கும் கும்பிடு வேண்டாம், எந்தக் கோஷத்துக்கும் உதடு அசைய வேண்டாம். சுண்டல் கொடுப்பார்கள், ரோஸ்மில்க் கொடுப்பார்கள், பாசமாகத்தான் கொடுப்பார்கள். "டூட்டி முடிஞ்சு வாங்கிக்கிறேன் அண்ணே" என்று சிரித்துச் சொல்லுங்கள். ஒரு தரப்பு கொடுத்ததைச் சாப்பிடும் போலீஸ்காரரின் போட்டோ மறுதரப்பின் வாட்ஸ்அப்பில் சுற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

யாரை எங்கே நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். ஒருமுறை ஒரு அதிகாரி என்னைச் சர்ச் வாசலில் நிறுத்தி, "உங்க ஆளுங்கதானே, நீங்களே பார்த்துக்கோங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க உள்ளே இருந்தவர்கள் என்னிடம் சலுகை எதிர்பார்த்தார்கள், வெளியே இருந்தவர்கள் என்னை எதிரியாகப் பார்த்தார்கள். மதம் பார்த்து ஆள் பிரிக்காதீர்கள். எல்லா இடத்திலும் கலந்து நிறுத்துங்கள்.

எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு

இதைப் பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு கூட்டத்துக்கு நடுவே நாற்பது பேர் கயிறு பிடித்து நிற்கிறோம். நாற்பது பேரும் ஒரு பக்கமே பார்த்து, மறுபக்கம் முதுகைக் காட்டினால், "இவங்கதான் ஆபத்து, அவங்க நம்ம ஆளுங்க" என்று வாய் திறக்காமல் சொல்லிவிட்டோம். ஒருவர் விட்டு ஒருவர் திரும்பி நில்லுங்கள். ஹெல்மெட், கேடயம் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் வேண்டாம். வீடியோ எடுக்கும் ஏட்டு இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். வஜ்ரா வண்டி (கலவரத் தடுப்பு வாகனம்) யார் பக்கம் மூஞ்சியைக் காட்டி நிற்கிறது என்றுகூட மக்கள் பார்ப்பார்கள்.

மைக்கில் பேசும்போது மதத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். 'பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருப்பவர்கள்', 'மணிக்கூண்டுப் பக்கம் இருப்பவர்கள்' என்று இடத்தைச் சொல்லுங்கள். 'அவனுங்க' என்ற ஒரு சொல் மைக்கில் போனால் கேட்கும் ஐம்பது காவலர்களின் கை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

கோஷம் எல்லை மீறினால், கேட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள். அப்புறம் ஆளை மாற்றி வைத்துப் பாருங்கள். இதே வார்த்தையை எதிர்ப்பக்கம் சொல்லியிருந்தால் வழக்குப் போட்டிருப்பேனா? எனக்கு எப்போதும் கைகொடுத்த கேள்வி இதுதான். பி.என்.எஸ். 196 (பகையைத் தூண்டும் பேச்சுக்கான பிரிவு) போட வேண்டிய பேச்சு என்றால் யார் பேசினாலும் போட வேண்டும்.

கலைக்க வேண்டி வந்தால், பி.என்.எஸ்.எஸ். 148இன்படி முதலில் கலைந்து போகச் சொல்லி உத்தரவு. காதில் விழும்படி சொல்லுங்கள், மூன்று முறை சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் உருதுவிலும் சொல்ல ஆள் வையுங்கள். போக ஒரு வழியைத் திறந்து வையுங்கள். வழியை அடைத்துவிட்டுக் கலைந்து போ என்றால் எங்கே போவார்கள்? லத்தி இடுப்புக்குக் கீழே. பெண்களைப் பெண் காவலர்கள் மட்டுமே தொட வேண்டும். பர்தாவையோ முக்காட்டையோ இழுக்கவே கூடாது.

மண்டபம்

கைதானவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவது நம் வழக்கம். பெரும்பாலான மனக்கசப்பு அங்கேதான் பிறக்கிறது. ஒரு தரப்பை ஃபேன் ஓடும் மண்டபத்திலும் மறுதரப்பைத் தகரக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். ஒருவரை ஆறு மணிக்கு விட்டு, இன்னொருவரை ஒன்பது மணிவரை வைக்காதீர்கள். ரமலான் என்றால் நோன்பு திறக்கத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் நேரத்துக்கு இருக்கட்டும். மாலை போட்டவர் இருந்தால் அவருக்குச் சைவச் சாப்பாடு. இது சலுகை இல்லை. மனிதர்களை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

முடிந்த பிறகு

எஃப்.ஐ.ஆரில் 'மற்றும் பலர்' என்று போட்டுவிட்டு, பிறகு ஒரு தெருவில் மட்டும் ராத்திரி கதவைத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சேலத்தில் 1882 இந்து-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு வக்கீல் விஜயராகவாச்சாரியார் மேல் வழக்குப் போட்டுத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. வீடியோவில் முகம் தெரிபவர் மேல் மட்டும் நடவடிக்கை எடுங்கள். புகார் கொடுக்க யார் வந்தாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) கொடுத்து அனுப்புங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு தரப்பு ஆட்களும் படுத்திருந்தால் இரண்டு வார்டுக்கும் போய் வாருங்கள்.

நம்மில் ஒருவர் அடிபட்டால், அன்றுதான் உங்கள் காவலர்களை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் 1997 நவம்பர் 29இல் ஒரு போக்குவரத்துக் காவலர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் கொல்லப்பட்டார். துக்கத்திலும் கோபத்திலும் காவலர்கள் பணியை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அடுத்து வந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். குண்டு வைத்தவர்களின் குற்றம் அவர்களுடையது, அதைக் குறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நவம்பரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் அந்தக் காக்கி என் காக்கி. அடிபட்ட காவலரின் நண்பர்களை உடனே அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள். வேறு ஸ்டேஷன் ஆட்களை வரிசைக்குக் கொண்டுவாருங்கள். மறுநாள் ரோல் காலில் பதினைந்து நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள், அழ விடுங்கள். அதன்பிறகு டூட்டி சொல்லுங்கள்.